ஹெட்செட் மைக்கின் குரலை கம்ப்யூட்டருக்குள் போகும் முன்பே ஏற்றியது: ஒரு டிரான்சிஸ்டர், ஒரு பித்தளைச் சம்புடம்

கம்ப்யூட்டரில் ஹெட்செட் மைக் வைத்துக் குரல் பதிவு செய்து பார்த்த எல்லோருக்கும் இந்தத் தொல்லை தெரிந்திருக்கும். சத்தம் போதவில்லையே என்று விண்டோஸ் செட்டிங்கில் மைக்ரோஃபோன் பூஸ்ட்டை +30 டெசிபல் வரை தள்ளினால் குரல் ஏறும், கூடவே 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு இரைச்சலும் அதே அளவுக்கு ஏறும். பூஸ்ட்டை எடுத்துவிட்டால் இரைச்சல் போகும், ஆனால் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் அலைவடிவம் ஒரு கோடு மாதிரி படுத்துவிடும். இதற்கு நான் செய்த ஏற்பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன். மொத்தச் செலவு, வீட்டில் கிடந்த சாமான் போக, ஒரு சினிமா டிக்கெட் அளவுகூட ஆகவில்லை.

எதற்கு இவ்வளவு மெனக்கெடல் என்றால், எங்கள் தெருவில் பார்வையில்லாத தம்பி ஒருவன் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறான். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் வைத்திருக்கிறான், அதில் ஈஸ்பீக் என்ற செயற்கைக் குரல் தமிழ் வாசிக்கும். ஆனால் அந்த இயந்திரக் குரலில் மணிக்கணக்கில் வரலாறும் குடிமையியலும் கேட்பது பெரிய சிரமம். பழைய கைட் புத்தகங்களின் ஸ்கேன் பிரதியையோ அந்த ஸ்கிரீன் ரீடரால் வாசிக்கவே முடியாது. அதனால் பாடங்களை நான் வாய்விட்டு வாசித்துப் பதிவு செய்து கொடுக்கிறேன். அவன் கேட்பது இரட்டிப்பு வேகத்தில். அந்த வேகத்தில்தான் இரைச்சலின் உண்மையான கெடுதல் தெரிகிறது. ச, ஸ, ஷ, வல்லின த போன்ற ஒலிகளின் கூர்மை எல்லாம் மேல் அலைவரிசையில்தான் இருக்கிறது, இரைச்சலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது, இரண்டும் கலந்தால் 'சட்டம்' என்றேனா 'பட்டம்' என்றேனா என்று அவன் நிறுத்திப் பின்னால் ஓட்டிக் கேட்க வேண்டியிருக்கிறது. "அண்ணே, பின்னாடி மழை பெய்யிற மாதிரியே இருக்கு" என்று முதல் பதிவைக் கேட்டுவிட்டுச் சொன்னான். அன்று மழை எதுவும் இல்லை.

இடத்தையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊர் சுவாமிமலை. பகலில் பதிவு செய்ய வழியே இல்லை, சிலை வார்க்கும் பட்டறைகளில் உளி, அரம், கிரைண்டர் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். ராத்திரி உட்காரலாம் என்றால் ஐப்பசி கார்த்திகையில் வயல் தவளை, மற்ற மாதங்களில் மின்விசிறி. சித்திரையில் விசிறியை நிறுத்திவிட்டு ஒரு பாடம் முழுக்க வாசித்துப் பாருங்கள், அப்போது தெரியும். சுற்றுச் சத்தம் இவ்வளவு இருக்கும் இடத்தில் மைக்கின் இரைச்சலும் சேர்ந்தால் பதிவு தேறாது. சுற்றுச் சத்தத்தை என்னால் முழுக்க நிறுத்த முடியாது, மின்னணு இரைச்சலை நிறுத்த முடியும்.

முதலில் சும்மா செய்யக்கூடியதை எல்லாம் செய்துவிட வேண்டும். மைக்கை வாய்க்கு எவ்வளவு அருகில் கொண்டுவருகிறோமோ அவ்வளவு லாபம். தூரம் பாதியானால் சுமார் 6 டெசிபல் காசில்லாமல் கிடைக்கும். நேர் எதிரே வேண்டாம், வாயின் ஓரத்தில் இரண்டு விரல் இடைவெளி போதும், இல்லாவிட்டால் 'அப்பா', 'ஒப்பந்தம்' என்று சொல்லும்போதெல்லாம் காற்று மைக்கில் குத்தும். அப்புறம் ஜாக். ஆற்றங்கரை ஊர்களில் ஈரப்பதம் அதிகம், மெல்லிய முலாம் போட்ட மலிவு ஜாக்குகள் சீக்கிரம் மங்கிப் பச்சை பிடிக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தாலே கரகரப்பில் பாதி போய்விடும். விண்டோஸில் 'என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்று இருப்பதை எல்லாம் அணைத்துவிடுங்கள், அது வாக்கியத்துக்கு வாக்கியம் சத்தத்தை ஏற்றி இறக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் எனக்கு அளவு பற்றவில்லை. காரணம் எளிமையானது. ஹெட்செட்டில் இருப்பது எலெக்ட்ரெட் மைக். 1962-இல் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்ட் செஸ்லர் இருவரும் உருவாக்கிய வகை. நிரந்தரமாக மின்னூட்டம் ஏற்றிய ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம், அதன் பின்னால் ஒரு குட்டி ஃபெட் டிரான்சிஸ்டர், அந்த டிரான்சிஸ்டருக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் வேண்டும். வாய்க்கு அருகில் வைத்துப் பேசினால் அதிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். அந்தச் சில மில்லிவோல்ட் ஒன்றரை மீட்டர் ஒயரில் பயணம் செய்து, டெஸ்க்டாப்பின் உள்ளே மதர்போர்டில், பக்கத்தில் ஆயிரம் டிஜிட்டல் சமாச்சாரம் துடித்துக்கொண்டிருக்கும் இடத்தில் போய் அங்கே பெரிதாக்கப்படுகிறது. வழியில் சேர்ந்த அழுக்கும் குரலோடு சேர்ந்தே பெரிதாகிறது. கலங்கின வாய்க்கால் தண்ணீரை எவ்வளவு பெரிய மோட்டார் வைத்து இறைத்தாலும் கலங்கலாகத்தானே வரும். பிறகு ஆடாசிட்டியில் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டுச் சரிசெய்யலாம் என்றால், லேசாகப் போட்டால் பலன் குறைவு, அழுத்திப் போட்டால் குரல் தகரக் குரலாகிறது, அந்த ச-வும் ஸ-வும்தான் முதலில் போகின்றன. ஆக, அழுக்குச் சேரும் முன்பே, மைக் பக்கத்திலேயே குரலை ஏற்றிவிட வேண்டும். இதுதான் முழு விஷயமும்.

யுஎஸ்பி சவுண்டு கார்டு ஒன்று வாங்கிப் போட்டால் தீர்ந்துவிடுமே என்று கேட்பீர்கள். நல்ல யுஎஸ்பி மைக் வாங்க வசதி இருந்தால் தாராளமாக வாங்குங்கள், இந்த வேலையே வேண்டாம். ஆனால் கட்டைவிரல் அளவு மலிவு யுஎஸ்பி கார்டுகளின் மைக் வழியில் பல சமயம் மதர்போர்டைவிட மோசமான இரைச்சல் இருக்கிறது. நான் கேட்டுப் பார்த்ததில் இரவல் வாங்கிய ஒன்று சன்னமாக விசில் அடித்துக்கொண்டே இருந்தது.

சரி, சர்க்யூட். இதை வார்த்தையிலேயே சொல்லிவிடுகிறேன், கையில் பேனா வைத்து வரைந்துகொண்டே படித்தால் புரிந்துவிடும்.

ஒரு 9 வோல்ட் பேட்டரி. அதன் பிளஸ்ஸிலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, அதன் மறுமுனையில் 47 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் கிரவுண்டுக்கு (பேட்டரியின் மைனஸ்தான் இங்கே கிரவுண்டு). இது மைக்குக்குப் போகும் மின்சாரத்தைச் சுத்தப்படுத்த. அந்தச் சந்திப்பிலிருந்து 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக மைக்கின் உயிர்முனைக்கு. மைக்கின் மறுமுனை கிரவுண்டு. உயிர்முனையிலிருந்து 0.1 மைக்ரோஃபேரட் பாலியஸ்டர் கெப்பாசிட்டர் வழியாக பிசி 547 டிரான்சிஸ்டரின் பேஸுக்கு (டிரான்சிஸ்டரின் மூன்று கால்கள்தான் பேஸ், கலெக்டர், எமிட்டர்). கலெக்டருக்கும் பேட்டரி பிளஸ்ஸுக்கும் நடுவே 4.7 கிலோ ஓம். கலெக்டருக்கும் பேஸுக்கும் நடுவே 1 மெகா ஓம். எமிட்டரிலிருந்து கிரவுண்டுக்கு 100 ஓம். பேஸிலிருந்து கிரவுண்டுக்கு 1 நானோஃபேரட், 102 என்று எழுதியிருக்கும் சின்னது. கலெக்டரிலிருந்து 10 மைக்ரோஃபேரட் எலெக்ட்ரோலிட்டிக் வழியாக வெளியே, அதன் பிளஸ் கால் கலெக்டர் பக்கம். அவ்வளவுதான்.

எந்தப் பாகம் எதற்கு என்று தெரிந்தால் மாற்றிக்கொள்ள வசதி. 1 மெகா ஓம் ரெசிஸ்டர் டிரான்சிஸ்டரைத் தானாகவே நடுநிலையில் நிறுத்துகிறது. பிசி 547 ஒவ்வொன்றுக்கும் பெருக்கத்திறன் வேறுபடும், கடையில் ஒரு கைப்பிடி வாங்கினால் எதுவும் எதோடும் ஒத்துப்போகாது, இந்த அமைப்பு அந்த வித்தியாசத்தைப் பெருமளவு தாங்கிக்கொள்ளும். 100 ஓம்தான் எவ்வளவு பெருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. இந்த மதிப்பில் எனக்குச் சுமார் 20 மடங்கு, அதாவது 26 டெசிபல் வருகிறது. 0.1 மைக்ரோஃபேரட்டை வேண்டுமென்றேதான் சிறிதாக வைத்தேன். பெரிய கெப்பாசிட்டர் போட்டால் விசிறியின் தாழ்ந்த உறுமலும் மூச்சுக்காற்றும் தடையில்லாமல் உள்ளே வரும், இது சுமார் 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துவிடுகிறது. பீங்கான் கெப்பாசிட்டரை இந்த இடத்தில் தவிர்த்துவிடுங்கள், சில வகைகள் தட்டினால் தாமே மைக் மாதிரி சத்தம் கொடுக்கும். அந்த 102 எதற்கென்றால் பட்டன் போனுக்கு. அம்மாவின் பழைய 2ஜி போன் மேஜையில் இருந்தால் அழைப்பு வருவதற்கு முன்பே பதிவில் 'டிர் டிர் டிர்' என்று விழும், அது விநாடிக்கு 217 முறை துடிக்கும் ஜிஎஸ்எம் சிக்னல். இந்தக் கெப்பாசிட்டர் ரேடியோ அலையை பேஸுக்கு வரும் முன் கிரவுண்டுக்கு அனுப்பிவிடும். ஆனாலும் போனை அடுத்த அறையில் வைத்துவிடுவதுதான் நல்லது.

பிசி 547-க்குப் பதில் பிசி 549 கிடைத்தால் அதையே போடுங்கள், கால் வரிசை ஒன்றுதான், இரைச்சல் குறைவு. தட்டையான முகம் நம்மைப் பார்த்து, கால்கள் கீழே என்று பிடித்தால் இடமிருந்து வலமாக கலெக்டர், பேஸ், எமிட்டர். பிளாஸ்டிக் உடம்பு 2222 என்ற இன்னொரு டிரான்சிஸ்டரில் இந்த வரிசை பெரும்பாலும் நேர் தலைகீழ், மாற்றிப் போடும்போது கவனம். ரெசிஸ்டர்கள் மெட்டல் ஃபிலிம் வகையாக இருந்தால் நல்லது, கும்பகோணத்தில் டிவி சர்வீஸ் பாகம் விற்கும் கடையிலேயே கிடைத்தது.

கை நிதானம் தேவைப்பட்ட வேலை சர்க்யூட் இல்லை, ஹெட்செட் ஒயர்தான். உறையைச் சீவினால் உள்ளே முடியைவிடச் சன்னமான செம்புக் கம்பிகள், ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை, ஒன்று வெறும் செம்பு நிறம், நடுவில் வலுவுக்காக நைலான் நூல். சிவப்பும் பச்சையும் பிளாஸ்டிக் உறை இல்லை, கம்பி மேலேயே பூசிய அரக்கு. பார்த்தால் வெறும் கம்பி மாதிரி இருக்கும், மல்டிமீட்டர் வைத்தால் தொடர்பே காட்டாது. பிளேடால் சுரண்டினால் இரண்டு இழை அறுந்து போகும். நான் செய்த முறை: சால்டரிங் அயர்ன் நுனியில் புதிதாக ஈயம் உருக்கி ஒரு முத்து நிற்க வைத்து, கம்பியின் நுனி அரை சென்டிமீட்டரை அந்த முத்துக்குள்ளேயே நுழைத்துப் பிடித்தேன். மூன்று நான்கு விநாடியில் அரக்கு கருகிப் புகை வந்து, நிறம் மங்கி, திடீரென்று ஈயம் கம்பியில் ஏறி வெள்ளி மாதிரி மினுங்கும். அதற்குமேல் பிடிக்கக் கூடாது. நைலான் நூலை முன்பே நறுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் உருகி ஈயத்தோடு கலந்து ஒட்டவிடாது. புகையை மூக்கில் ஏற்றிக்கொள்ளாமல் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து செய்யுங்கள்.

மைக் கேப்சூலில் எது கிரவுண்டு என்று சந்தேகம் வந்தால் பின்பக்கம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டு பொட்டுகளில் ஒன்றிலிருந்து வெளி உலோகக் கூட்டுக்கு மெல்லிய கோடுகள் ஓடும், அதுதான் கிரவுண்டு.

அடுத்தது கூடு. பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தபோது கரண்ட் லைனின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் நன்றாகவே கேட்டது, கையை அருகில் கொண்டுபோனால் கூடியது. உலோகக் கூடு வேண்டும், அதோடு கிரவுண்டையும் இணைக்க வேண்டும். அலுமினியத்தில் சாதாரண ஈயம் ஒட்டாது, பித்தளையில் அருமையாக ஒட்டும். வீட்டில் பாட்டி காலத்துப் பித்தளைச் சம்புடம் ஒன்று மூடி இறுக்கமாக, உபயோகமில்லாமல் இருந்தது. உள்ளே பாகங்களைப் பற்றவைக்கும் ஒரு சின்ன டாட் போர்டும், 9 வோல்ட் பேட்டரியும், ஒரு ஸ்விட்சும் கச்சிதமாகப் பிடித்தன. சிக்கல் என்னவென்றால் சம்புடத்தின் கனம். என் 25 வாட் அயர்னின் சூட்டைப் பித்தளை அப்படியே குடித்துவிடுகிறது, ஈயம் உருண்டையாக உருண்டு விழுந்தது. தெருமுனைப் பட்டறைக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த அண்ணன் கையில் வாங்கிப் பார்த்து, "உள்ள ஒரு ஓரமா அரத்தால ரெண்டு இழுப்பு இழுத்துட்டு, அடியில சூடு காட்டிக்கிட்டே ஈயத்தை வை, நெருப்பை நான் புடிக்கிறேன்" என்றார். அரத்தால் தேய்த்ததும் பழைய கறுப்பு போய் மஞ்சளாகப் பளிச்சிட்டது. அவர் சின்ன டார்ச்சை வெளிப்புறமாகக் காட்ட, நான் உள்ளே ஈயத்தை வைக்க, தண்ணீர் மாதிரி பரவியது. ஒரு சாண் ஒயரை அதில் பதித்துக்கொண்டேன். துளைகளையும் அவரே போட்டுக் கொடுத்தார், விளிம்பை மழுக்கி, ஒயரை அறுக்காதபடி ரப்பர் வளையம் போடச் சொன்னார். காசு வாங்கவில்லை. இந்த ஊரில் உலோகத்தைப் பற்றிக் கேட்க ஆள் தேடி அலைய வேண்டியதில்லை.

கூட்டையும் சர்க்யூட் கிரவுண்டையும் ஒரே ஒரு இடத்தில் மட்டும் இணையுங்கள், ஒயர் உள்ளே நுழையும் இடத்தில். இரண்டு மூன்று இடத்தில் இணைத்தால் ரீங்காரம் திரும்பி வரலாம்.

பவர் தெரிய எல்இடி வைக்கவில்லை. முழுச் சர்க்யூட்டும் எடுப்பது ஒன்றரை மில்லிஆம்பியர் அளவுதான், ஒரு எல்இடி அதைவிட அதிகம் குடிக்கும். யுஎஸ்பியிலிருந்து 5 வோல்ட் எடுத்தால் பேட்டரிச் செலவு மிச்சம்தான், ஆனால் கம்ப்யூட்டரின் அழுக்கு முழுக்க அந்த வழியாக உள்ளே வரும். எதிலிருந்து தப்பிக்க இவ்வளவும் செய்தோமோ அதையே அழைத்து வந்த மாதிரி ஆகிவிடும்.

ஹெட்செட்டை மாட்டுவதற்கு முன் பேட்டரி கொடுத்து கலெக்டரில் மல்டிமீட்டர் வையுங்கள். 4 வோல்ட்டை ஒட்டி வந்தால் எல்லாம் ஒழுங்கு. எனக்கு 4.3 காட்டியது. 8-க்கு மேல் காட்டினால் டிரான்சிஸ்டர் வேலை செய்யவில்லை, கால் மாறியிருக்கும் அல்லது 1 மெகா ஓம் ஒட்டவில்லை. 1-க்கும் கீழே என்றால் முழுக்கத் திறந்து கிடக்கிறது, அந்த 1 மெகா ஓமின் மதிப்பைச் சரிபாருங்கள்.

இப்போது முக்கியமான இடம். வெளியே வரும் ஒயரை எந்த ஜாக்கில் சொருகுவது? டெஸ்க்டாப்பின் பின்னால் இளஞ்சிவப்பு மைக், பச்சை ஸ்பீக்கர், இளநீலம் லைன் இன். இளநீலத்தில்தான் சொருக வேண்டும். மைக் ஜாக்கில் எலெக்ட்ரெட்டுக்கு மின்சாரம் கொடுக்கும் ரெசிஸ்டர் உள்ளேயே இருக்கிறது, பொதுவாகச் சில கிலோ ஓம், அது நம் சர்க்யூட்டின் வெளியீட்டை இழுத்துப் பிடித்துப் பெருக்கத்தைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கிவிடும். அதற்குப் பிறகும் அங்கே இருக்கும் மலிவான மைக் ஆம்ப்ளிஃபயர் வழியாகத்தான் குரல் போகும். லைன் இன் அப்படி இழுக்காது, நடுவில் அந்த ஆம்ப்ளிஃபயரும் கிடையாது. ஒரே சர்க்யூட்டை இரண்டிலும் மாற்றி மாற்றிச் சொருகிக் கேட்டால் வித்தியாசம் காதுக்கே தெரியும்.

என் கம்ப்யூட்டரில் வந்த கணக்கு: முன்பு மைக் ஜாக்கில் +30 பூஸ்ட் வைத்தபோது நான் பேசாமல் இருந்தாலே ஆடாசிட்டி மீட்டர் −40 டெசிபல் பக்கம் ஆடிக்கொண்டிருந்தது. இப்போது லைன் இன்னில், பூஸ்ட் எதுவும் இல்லாமல், குரலின் உச்சம் −12 அருகே நிற்கும்போது மௌனத்தில் −62. ஒலிப்புத்தகம் வெளியிடும் ஏசிஎக்ஸ் தளம் கேட்கும் வரம்பே −60-க்குக் கீழே இரைச்சல் என்பதுதான். சித்திரை விசிறியை ஒன்றாம் நம்பரில் வைத்தால் −52 வரை ஏறுகிறது, அதை ஏற்றுக்கொண்டேன்.

பதிவை மோனோவில், 44100 ஹெர்ட்ஸில் வைத்திருக்கிறேன். ஜன்னலுக்கு ஜமுக்காளம் தொங்கவிட்டதில் அறையின் எதிரொலியும் கொஞ்சம் அடங்கியது. தம்பி புதுப் பதிவை இரட்டிப்பு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டான். "மழை நின்னுடுச்சுண்ணே. ஆனா நீங்க பக்கம் திருப்புறது கேக்குது" என்றான். அதன் பிறகு புத்தகத்தைப் பிரித்துத் துணி மேல் படுக்க வைத்துத்தான் வாசிக்கிறேன்.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். அதில் பெரும்பாலும் லைன் இன் இருக்காது, ஹெட்போனும் மைக்கும் சேர்ந்த ஒரே ஜாக், நாலு தொடர்பு முனை உள்ளது. நுனி இடது காது, அடுத்தது வலது, அடுத்தது கிரவுண்டு, அடி மைக். பழைய சில போன்களில் கடைசி இரண்டும் இடம் மாறியிருக்கும். நம் சர்க்யூட்டின் வெளியீட்டில் கெப்பாசிட்டர் இருப்பதால் லேப்டாப் அங்கே மைக் இருப்பதாகவே உணராது. கெப்பாசிட்டருக்கு வெளிப்புறம், மைக் முனைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு 2.2 கிலோ ஓம் போட்டால் கண்டுகொள்ளும். பூஸ்ட்டைப் பூஜ்யத்தில் வையுங்கள். இரண்டு பின் சார்ஜரில் எர்த் கிடையாது, ரீங்காரம் கேட்டால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் பதிவு செய்யுங்கள், உடனே அடங்கும்.

அடுத்து எங்கள் அத்தை தமிழ்ப் பாடங்களை வாசிக்கப் போகிறார்கள், பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தவர்கள், செய்யுளைப் பதம் பிரித்து வாசிப்பதில் என்னைவிட ஆயிரம் மடங்கு தேர்ச்சி. குரல் மட்டும் மெல்லியது. அவர்களுக்காக எமிட்டரில் இருக்கும் 100 ஓமை எடுத்துவிட்டு 47 ஓம் வைத்துப் பார்த்தேன், இன்னும் 3, 4 டெசிபல் ஏறுகிறது, கலெக்டர் வோல்ட்டேஜ் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. இரண்டையும் ஒரு குட்டி ஸ்விட்சில் கட்டி, சம்புடத்தின் பக்கவாட்டில் இன்னொரு துளை போட்டு வைக்கப் போகிறேன். மேலே தள்ளினால் அத்தை, கீழே தள்ளினால் நான்.